அழுத்தித் திருகும் மூடியும் ஆசிட் பாட்டிலும்

பேரன் தவழத் தொடங்கிவிட்டான், அலமாரிக்குக் காந்தப் பூட்டு வாங்கலாமா, 'நூறு சதவீதம் பாதுகாப்பு' என்று விளம்பரம் சொல்கிறதே என்று குலசேகரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வீட்டில் ரப்பர் ஷீட் அடிப்பதையும் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறார். எனக்கு அந்த ஒற்றை வரிதான் முக்கியமாகப் பட்டது.

தமிழ்நாட்டின் ரப்பர் பெரும்பாலும் குமரி மாவட்டத்து மலையோரத்தில்தான் விளைகிறது. சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்து உறையவைக்கப் பார்மிக் ஆசிட் வேண்டும். பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்கள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. அமிலம் அந்த மின்னூட்டத்தைத் தணித்ததும் எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. இதற்கு நீர்த்த அமிலம் போதும். ஆனால் கடையிலிருந்து வருவது பெரும்பாலும் 85 சதவீத அடர்த்தி கொண்டது. பார்வைக்குத் தண்ணீர். அதைப் பழைய தண்ணீர் பாட்டிலிலோ சோடா பாட்டிலிலோ மாற்றி ஊற்றி வைத்தால், குழந்தைக்கு அது குடிக்கிற பாட்டில்தான். ஒரு மிடறு போனாலும் உணவுக்குழாய் வெந்துவிடும். பிழைத்த பிள்ளைக்கும் புண் ஆறிய தழும்பு குழாயைச் சுருக்கி, சோறு இறங்குவதே பெரும்பாடாகலாம். ஆகவே அலமாரியைப் பற்றிப் பேசுமுன் பாட்டில் மூடியைப் பற்றிப் பேச வேண்டும்.

வரலாறு சுருக்கமானது. கனடாவின் வின்ட்சர் நகரில் ஆன்றி ப்ரோ என்ற குழந்தை மருத்துவர், மாத்திரையை விழுங்கிவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, பிள்ளைகள் திறக்க முடியாத மூடி வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். 1967இல் அழுத்தித் திருகும் மூடி வந்தது. 1970இல் அமெரிக்கா ஆபத்தான பொருள்களுக்கு இப்படிப்பட்ட மூடி வேண்டுமென்று சட்டம் போட்டது. இனி மூடிக்குள் போவோம், ரசிக்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

வளைகுடாவிலிருந்து வரும் உறவினர் கொண்டுவரும் மாத்திரைப் புட்டியில் இந்த மூடியைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு மூடிகள் உண்டு. உள்மூடிதான் புட்டியின் மரையைப் பிடித்திருக்கிறது. வெளிமூடி அதன்மேல் தளர்வாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் சந்திக்கும் தளத்தில் வட்டமாகப் பற்கள். ஒவ்வொரு பல்லும் ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. மூடும் திசையில் திருகினால் செங்குத்தும் செங்குத்தும் மோதி, உள்மூடியும் சேர்ந்து சுற்றுகிறது. திறக்கும் திசையில் திருகினால் சரிவின்மேல் சரிவு வழுக்கி ஏறி, டிக் டிக்கென்று அடுத்த பல்லில் விழுகிறது. வெளிமூடி எத்தனை சுற்றுச் சுற்றினாலும் உள்மூடி அசையாது.

சாளை மீனைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் விரல் வழுக்கிப் போகும். வாலிலிருந்து தலைக்குத் தடவினால் செதிள் தடுக்கும். மூடியின் பல்லும் இதே ஒருதலைப்பட்சம்தான். இன்னும் கேளுங்கள்: வழுக்குகிற திசையிலேயே விரலை நன்றாக அழுத்தித் தடவினால் மீனும் விரலோடு நகர்ந்துவிடும். மூடியை அழுத்திக்கொண்டே திருகும்போது நடப்பது அதுவேதான். அழுத்தம் பல்லைச் சரிவில் ஏறவிடாமல் பள்ளத்திலேயே பிடித்துவைக்கிறது, உள்மூடி கூடவே சுழல்கிறது. செதிள் உதிர்ந்த மீனை எந்தப் பக்கம் தடவினாலும் விரலுக்கு ஒன்றுபோல் இருக்கும். பல் தேய்ந்த மூடியும் அப்படித் திசை பார்க்காது. பழைய மூடியை நம்பாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

கீழே அமுக்குவதும் சுற்றுவதும் வெவ்வேறு வேலைகள். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே கையால், ஒன்று மற்றதைக் குலைக்காமல் செய்வது சின்னப் பிள்ளைக்குக் கைவராது. இழுப்பான், திருகுவான், கடிப்பான். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் செய்வான். பலத்தை நம்பிச் செய்த மூடி பாட்டிக்கும் திறக்காது. அழுத்தித் திருகும் மூடியோ குழந்தைக்கு இன்னும் வராத ஒரு திறமையைப் பூட்டாக்கியிருக்கிறது.

அமெரிக்கச் சோதனை முறையைச் சொன்னால் விளம்பரங்களின் நிறம் தெரியும். 42 முதல் 51 மாத வயதுப் பிள்ளைகளிடம் புட்டியைக் கொடுக்கிறார்கள். 5 நிமிடத்தில் 85 சதவீதம் பேரால் திறக்க முடியாமல் இருக்க வேண்டும். பிறகு திறப்பது எப்படியென்று பேசாமல் செய்து காட்டி, பல்லால் கடிக்கலாம் என்றும் சொல்லி இன்னும் 5 நிமிடம் தருகிறார்கள். அப்போதும் 80 சதவீதம் பேர் தோற்றால் மூடி தேறிவிடும். நூறில் இருபது பிள்ளைகள் பத்து நிமிடத்துக்குள் திறந்த மூடியும் நல்ல மூடிதான்! 'நூறு சதவீதம்' என்று ஒரு விற்பனையாளர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அலமாரிக்கும் டிராயருக்கும் விற்கும் பூட்டுகளும், இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்யவைக்கும் அதே தத்துவம்தான். கொக்கியை அமுக்கிக்கொண்டே இழுக்க வேண்டும். காந்தப் பூட்டில், வெளியே ஒரு கை காந்தத்தைப் பிடித்து உள்ளிருக்கும் தாழை விலக்க, மறு கை கதவை இழுக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் காந்தத்தின் இழுவிசை தூரத்தோடு மளமளவென்று குறையும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வேலை செய்வது, தாத்தா காலத்துப் பலாப்பலகைக் கதவில் செய்யாமல் போகலாம். இரும்பு பீரோவில் அறவே ஆகாது. காந்தப் புலம் தகட்டின் வழியே விலகிப் போய்விடும். ஒட்டிப் பொருத்தும் பூட்டுகள் எண்ணெய்ப் பாலிஷ் போட்ட மரத்திலும், இரண்டு மழைக்காலமும் கண்ட நம் ஊர் ஈரத்திலும் நெடுநாள் நிற்காது. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் உள்ளிருக்கும் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். திருகாணி போட்டு முடுக்குகிற பூட்டையே வாங்குங்கள், மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

பூட்டோடு, பிள்ளையின் விரலை நசுக்கக்கூடிய அறைக் கதவைப் பற்றியும் ஒன்று. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் கதவு தானே அறையும். எல்லோரும் தாழ்ப்பாள் பக்கத்தைத்தான் பார்க்கிறோம். கீல் பக்க இடுக்கு அதைவிடக் கொடியது. 90 சென்டிமீட்டர் அகலக் கதவின் ஓரத்தைத் தள்ளும் விசை, கீலிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் விரலில் 36 மடங்காக இறங்கும். கதவைச் சுவரோடு கொக்கி மாட்டி நிறுத்துங்கள், கீல் இடுக்கை மூடுங்கள்.

வாசகிக்கு என் பதில்: காந்தப் பூட்டு வாங்கலாம், அது சில நிமிடங்களைத் தரும், அவ்வளவே. ஆசிட்டை வந்த பாட்டிலிலேயே, பெயர் எழுதி, வீட்டுக்கு வெளியே, ஷீட் உலர்த்தும் புகைப்புரைப் பக்கம் உயரத்தில், சாவி போட்டுப் பூட்டி வையுங்கள். குடிக்கிற பாட்டிலில் எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெய்க்கும் இதுவே. மீறிக் குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஏறி வரும் அமிலம் இரண்டாம் முறையும் சுடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆம்புலன்சுக்கு 108. தில்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. இரண்டையும் அடுக்களைச் சுவரில் இன்றே எழுதி வையுங்கள்.