ஸ்கேனில் மனச்சிதைவு தெரியுமா?

"ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமா டாக்டர்?" மனநல மருத்துவரிடம் முதல்முறை வரும் குடும்பத்தார் பலரும் கேட்கும் கேள்வி இது. பிள்ளை தூங்குவதில்லை, யாரோ காதுக்குள் பேசுகிறார்கள் என்கிறான், வீட்டுச் சாப்பாட்டையே சந்தேகப்படுகிறான். எடுத்தும் பார்க்கிறார்கள். 'நார்மல்' என்று ரிப்போர்ட் வருகிறது. மூளை நன்றாகத்தான் இருக்கிறது என்றால் இவனுக்கு என்னதான் ஆயிற்று?

மருத்துவர் அந்த ஸ்கேனை எழுதிக் கொடுப்பது மனச்சிதைவு நோயைக் கண்டுபிடிக்க அல்ல. கட்டி, தொற்று, ரத்தக்கசிவு என்று வேறு எதுவும் இல்லையென உறுதிசெய்துகொள்ளத்தான். நோயை முடிவு செய்வது பேச்சும் நடத்தையும் குடும்பத்தார் சொல்லும் விவரமும். ஆனால் ஆய்வாளர்களோ ஏறத்தாழ 50 ஆண்டுகளாக இந்த நோயாளிகளின் மூளையில் வித்தியாசங்கள் தெரிவதாகச் சொல்லிவருகிறார்கள். அதுவும் உண்மைதான்.

சி.டி. ஸ்கேன் நோயாளிகளிடம் பயன்பாட்டுக்கு வந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். 1976இல் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனையின் ஈவ் ஜான்ஸ்டன், டிம் க்ரோ குழுவினர், நெடுநாள் மனச்சிதைவோடு மருத்துவமனைகளிலேயே வாழ்ந்துவந்த 17 பேரைப் படம் எடுத்தார்கள். மூளையின் நடுவே திரவம் நிறைந்த அறைகள் உண்டு. மற்றவர்களைவிட இவர்களுக்கு அவை பெரிதாக இருந்தன. அதுவரை தாயின் வளர்ப்புதான் பிள்ளைக்கு இந்த நோயைக் கொண்டுவருகிறது என்று மனநல மருத்துவத்தில் ஒரு சாரார் நம்பிவந்தார்கள். எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்களோ! அந்த நம்பிக்கை வலுவிழக்க இந்தப் படங்களும் ஒரு காரணம்.

1990இல் அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தார் இன்னும் கூர்மையாகக் கேட்டார்கள். ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு நோய், மற்றவருக்கு இல்லை. அப்படி 15 ஜோடிகளை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 12 ஜோடிகளில், இருவர் படத்தையும் அருகருகே வைத்துக் கண்ணால் பார்த்தே நோயாளி யார் என்று சொல்ல முடிந்தது. 14 ஜோடிகளில் நோயாளியின் இடப்பக்க ஹிப்போகாம்பஸ், அதாவது நினைவாற்றலுக்கு முக்கியமான பகுதி, சிறியதாக இருந்தது. பரம்பரை ஒன்றே என்பதால் இந்த வித்தியாசத்துக்கு மரபணு மட்டும் காரணமாக இருக்க முடியாது. 'அருகருகே வைத்து' என்பதையும் கவனிக்க வேண்டும். உடன்பிறந்தவரின் படம் பக்கத்தில் இருந்ததால்தான் மாற்றம் கண்ணில் பட்டது. நம் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மூளை கிடையாது.

2016இல் வெளிவந்த 'எனிக்மா' கூட்டாய்வு 2,028 நோயாளிகளையும் 2,540 நலமானவர்களையும் ஒப்பிட்டது. அளவில் அதிகம் குறைந்திருந்தது ஹிப்போகாம்பஸ்தான். அந்த வித்தியாசம் எவ்வளவு? ஒரு நோயாளி, ஒரு நலமானவர் என்று கண்ணை மூடிக்கொண்டு 100 ஜோடி எடுத்தால், ஏறக்குறைய 63 ஜோடிகளில் நோயாளியுடையது சிறியதாக இருக்கும். காசைச் சுண்டினாலே 50 கிடைக்கும். ஆயிரக்கணக்கானோரின் சராசரியில் ஐயமில்லாமல் தெரிவது, ஒருவரின் பிலிமில் தெரியாமல் போவது இதனால்தான். ஆகவே மனச்சிதைவை ஸ்கேனிலேயே உறுதிப்படுத்தித் தருவதாக யாராவது சொன்னால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆய்வுக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள். சுருங்கியது நோயாலா, மருந்தாலா? 2005இல் வெளியான ஓர் ஆய்வில், நோயே இல்லாத குரங்குகளுக்கு ஒன்றரை ஆண்டு முதல் இரண்டேகால் ஆண்டு வரை இதே மருந்துகளைக் கொடுத்தபோது மூளை 8 முதல் 11 விழுக்காடு வரை சிறுத்திருந்தது. அப்படியானால் மருந்தே தொடாத நோயாளிகளைப் பார்க்க வேண்டும். மேலை நாடுகளில் அப்படிப்பட்டவர்கள் அரிது. நம் ஊரில் இருந்தார்கள். 1984இல் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' அமைப்பின் ஆர். தாராவும் ஆர். பத்மாவதியும் ஸ்காட்லாந்தின் ராபின் மெக்ரீடியோடு சேர்ந்து அந்த ஆய்வைச் செய்தார்கள். அதில் பங்கேற்றவர்கள், நோய் வந்தும் சிகிச்சையே கிடைக்காமலிருந்தவர்கள். மாத்திரையின் பக்கவிளைவு என்றே கருதப்பட்ட வாய், கை, கால் தன்னிச்சை அசைவுகள், மாத்திரையே சாப்பிடாத இவர்களில் சிலரிடமும் இருந்தன. 2002இல் இவர்களின் எம்.ஆர்.ஐ. முடிவுகளும் வெளிவந்தன. நம் ஊரில் சிகிச்சை எட்டாமல் போன அவலம்தான் உலக அறிவியலுக்கு இந்தச் சான்றைத் தந்தது என்பதை நினைத்தால் பெருமைப்படத் தோன்றவில்லை.

என்னைக் கேட்டால், படங்களால் நோயாளிக்குக் கிடைத்த பெரிய நன்மை மாத்திரையின் மில்லிகிராமில் இருக்கிறது. பெட் ஸ்கேனில், சிறிதளவு கதிரியக்கம் கலந்த வேதிப்பொருளை ரத்தத்தில் செலுத்தி, அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்று பார்ப்பார்கள். மருந்து ஏற்கெனவே பிடித்துக்கொண்ட இடத்தில் அது ஒட்டாது. டோபமைன் என்ற ரசாயனத்தின் செய்தியை வாங்கும் ஏற்பிகளில் எத்தனையை மருந்து அடைத்திருக்கிறது என்று இப்படிக் கணக்கிடலாம். 2000இல் டொராண்டோவில் ஷிதிஜ் கபூர் குழு, முதல்முறை நோய் கண்டவர்களுக்கு ஹாலோபெரிடால் கொடுத்து அளந்தது. ஏற்பிகளில் சுமார் 65 விழுக்காடு அடைபட்டால் நோய் தணிய வாய்ப்பு அதிகம். 78 விழுக்காட்டைத் தாண்டினால் உடல் இறுக்கம், நடுக்கம் போன்ற தொல்லைகள். ஒரு காலத்தில் நாளுக்கு 10, 20 மில்லிகிராம் என்று கொடுத்துவந்த மருந்து அது. இந்த ஆய்விலோ பலருக்கு 1 அல்லது 2.5 மில்லிகிராமே அந்த 65 விழுக்காட்டை எட்டப் போதுமானதாக இருந்தது. (இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையைக் குறைக்க வேண்டாம், ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் கணக்கு வேறு.)

இப்போது கவனம் மருந்துக்கு மசியாதவர்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அப்படி. 2012இல் லண்டன் ஆய்வாளர்கள் பெட் ஸ்கேனில் பார்த்தபோது, மருந்து பலன் தந்தவர்களிடம் டோபமைன் உற்பத்தி கூடியிருந்தது. பலன் தராதவர்களிடம் அது நலமானவர்களைப் போலவே இருந்தது. டோபமைனில் கோளாறே இல்லாதவருக்கு டோபமைனை அடைக்கும் மருந்து எப்படிக் கேட்கும்? இவர்களுக்கென்று இருப்பது குளோசபைன். ஆனால் வெள்ளணுக்கள் குறைந்துவிடும் ஆபத்து இருப்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். அதனால், இரண்டு மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றையும் பல வாரங்கள் கொடுத்துப் பார்த்து, இரண்டும் தோற்ற பிறகே அதற்குப் போகிறார்கள். அந்தக் காத்திருப்பைச் சுருக்க ஸ்கேன் உதவுமா என்பதே ஆய்வாளர்களின் இன்றைய கேள்வி.