கோவளத்தில் அலைச்சறுக்கு

கோவளம் தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் வங்காள விரிகுடாக் கரையில் அமைந்துள்ள ஒரு மீனவ ஊராகும். சென்னை நகரின் மையத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உள்ளது. 2010களில் இவ்வூர் இந்தியாவின் அலைச்சறுக்கு மையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. சென்னையில் பணிபுரியும் இளைஞர்கள் வார இறுதியில் சிறு செலவில் தங்கி இவ்விளையாட்டைப் பயிலும் இடமாகவும் இது அறியப்படுகிறது. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இதே பெயரில் கடற்கரை ஊர்கள் உள்ளன.

வரலாறு

18ஆம் நூற்றாண்டில் கர்நாடக நவாபின் ஆட்சியில் கோவளம் ஒரு துறைமுகமாக விளங்கியது. பின்னர் பிரெஞ்சுக்காரர் இதனைக் கைப்பற்றினர். 1752இல் ஆங்கிலேயர் இங்கிருந்த கோட்டையை அழித்தனர். அதன் பின்னர் இது பெரும்பாலும் மீன்பிடி ஊராகவே நிலைத்தது. 2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த ஆழிப்பேரலை இக்கரையோர ஊர்களையும் தாக்கியது.

இவ்வூர் மீனவரான மூர்த்தி மேகவன் இங்கு அலைச்சறுக்கின் முன்னோடியாகக் கருதப்படுகிறார். அவரும் தொழிலதிபர் அருண் வாசுவும் 2012 அளவில் 'கோவ்லாங் பாயின்ட்' என்னும் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினர். 2013 முதல் சில ஆண்டுகள் இங்கு அலைச்சறுக்கு விழா நடைபெற்றது. தென்னாப்பிரிக்கத் துடுப்பாட்ட வீரர் ஜான்ட்டி ரோட்ஸ் இவ்விழாவில் கலந்துகொண்டுள்ளார். 2021இல் கோவளம் கடற்கரை தூய்மை, பாதுகாப்பு ஆகியவற்றுக்கான நீலக்கொடிச் சான்றிதழைப் பெற்றது. அருகிலுள்ள மாமல்லபுரத்தில் 2025 ஆகத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடத்தப்பட்டது.

அலைகளும் பருவமும்

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியப் பெருங்கடலின் புயல்களால் எழும் நீள் அலைகள் வங்கக் கரையை வந்தடைகின்றன. அப்போது காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலையின் முகம் சிதறாமல் நிற்கிறது. எனவே மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்கள் தேர்ந்தவர்களுக்கு உகந்தவை. பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் அலை கலங்கிவிடும் என்பதால் பயிற்சிகள் அதிகாலையில் தொடங்குகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்கும்.

சென்னைக் கரையோர மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் 'தெண்டி' என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை 'வன்னி' என்றும் வழங்குவர். கட்டுமரத்தில் அலைகளைக் கடந்து பழகிய இவ்வறிவே உள்ளூர்ப் பயிற்றுநர்களின் அடிப்படைத் தகுதியாக அமைந்தது.

தங்குமிடமும் செலவும்

பலர் ஒரே அறையில் தங்கும் விடுதி முறை செருமனியில் தோன்றியது. ஆசிரியரான ரிச்சர்டு சிர்மான் 1912இல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிலையான இளைஞர் விடுதியை அமைத்தார். அலைச்சறுக்கு விடுதிகளும் இம்முறையையே பின்பற்றுகின்றன. அடுக்குக் கட்டில், பூட்டுடன் கூடிய பெட்டி, பொதுக் குளியலறை ஆகியவை பகிரப்படுகின்றன. அறைக்கு அல்லாமல் ஒரு படுக்கைக்கு மட்டும் வாடகை பெறுவதால் செலவு குறைகிறது. பலகை, பயிற்சி, உணவு ஆகியவை வாடகையில் அடங்குமா என்பது விடுதிக்கு விடுதி வேறுபடும்.

கிண்டியிலிருந்து செல்வோர் சர்தார் பட்டேல் சாலை வழியாக அடையாறு, திருவான்மியூர் சென்று கிழக்குக் கடற்கரைச் சாலையை அடையலாம். காலையில் பயின்று மாலையில் வீடு திரும்பக்கூடிய தொலைவாதலால், இரவு தங்காமலே வந்து செல்வதும் இயலும்.

பாதுகாப்பு

சென்னைக் கரையில் நீரில் மூழ்கி இறப்பவர்களுள் வெளியூரிலிருந்து வரும் இளைஞர்களும் உள்ளனர். கரையிலிருந்து கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டமே முக்கியக் காரணங்களுள் ஒன்று. அலை உடையாமல் அமைதியாகத் தோன்றும் பகுதி பாதுகாப்பானது என எண்ணிப் பலர் இறங்குகின்றனர். பெரும்பாலும் இழுவை அங்கேதான் இருக்கும். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் விரைவில் களைப்படைவார். மிதந்தபடி கை உயர்த்தி உதவி கோருதலும், கரைக்கு இணையாக நீந்தி இழுவையை விட்டு விலகிய பின் கரை திரும்புதலும் சரியான முறைகளாகும்.

தொடக்க நிலையினர் மென்பலகையைப் பயன்படுத்தி, இடுப்பளவு நீரிலேயே பயில்வர். பலகையைக் காலுடன் இணைக்கும் கயிறு கட்டாயமானது. மது அருந்தியபின் கடலில் இறங்குதல் உயிருக்கு ஆபத்தானது.

சமூகத் தாக்கம்

அலைச்சறுக்கு மீனவ இளைஞர் சிலருக்குப் பயிற்றுநர், உயிர்காப்பாளர், போட்டியாளர் என மாற்று வாழ்வழிகளைத் தந்துள்ளது. எனினும் இக்கடற்கரை படகு கரையேற்றவும் வலை உலர்த்தவும் மீன் விற்கவும் பயன்படும் தொழிலிடமாகும். படகு கரையேறும் வழியில் பலகையுடன் நிற்பது இருதரப்புக்கும் ஆபத்தானது. ஆகவே படகுக்கு வழிவிடுதலும் வலைகளை மிதிக்காதிருத்தலும் வருவோரின் கடமைகளாகும்.