கதிரியக்கக் குறியிட்ட பெப்டைடுகள்

கதிரியக்கக் குறியிட்ட பெப்டைடு என்பது, அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலியுடன் கதிரியக்கத் தனிமத்தை இணைத்து உருவாக்கும் மருந்தாகும். சிரைவழியே செலுத்தினால் இது குறிப்பிட்ட வகைப் புற்றுக்கட்டிகளில் போய்த் தங்கும். அங்கிருந்து வரும் கதிர்களைப் பதிவு செய்து கட்டி எங்கெங்கே பரவியிருக்கிறது என்று அறியலாம்.

உயிரணுவின் மேற்பரப்பில் ஏற்பிகள் எனப்படும் புரதங்கள் உள்ளன. சில கட்டிகளில் சிலவகை ஏற்பிகள் மிகுதியாக இருக்கும். பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கும் மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை உண்டு. யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு வகுத்துக்கொள்வார்கள். ஏரி முழுவதும் தண்ணீர்தான். ஆனால் வலை இறங்குவது தமக்குரிய பாட்டில்தான். பெப்டைடும் அப்படியே. இரத்தத்தில் உடலெங்கும் சுற்றினாலும், தனக்குரிய ஏற்பி உள்ள இடத்தில்தான் நிலைக்கும். அப்பகுதிப் பிள்ளைகளுக்குப் பூட்டு, சாவி உவமையைவிட இது எளிதில் பிடிபடும் என்பது என் அனுபவம்.

இத்துறையின் முன்னோடி சொமட்டோஸ்டாட்டின் என்ற இயக்குநீர். 1973இல் கண்டறியப்பட்ட இதில் 14 அமினோ அமிலங்கள் உள்ளன. இரத்தத்திலுள்ள நொதிகள் இதைச் சில நிமிடங்களிலேயே சிதைத்துவிடுவதால் அப்படியே மருந்தாக்க முடியவில்லை. எனவே 8 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட ஆக்ட்ரியோடைடை உருவாக்கினர். அதில் இரண்டு அமினோ அமிலங்கள் இயற்கை வடிவின் கண்ணாடிப் பிம்பங்கள். நொதிகளால் அவற்றை எளிதில் வெட்ட முடியாது, ஏற்பியோ ஏற்றுக்கொள்கிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகர ஆய்வாளர்கள் 1989இல் இதன் மாற்றுருவில் கதிரியக்க அயோடினை இணைத்து மனிதரின் கட்டிகளைப் படமெடுத்தனர்.

இன்று பெரிதும் பயன்படுவது காலியம்-68 இணைத்த டோட்டாடேட். உலோக அணுவை நண்டின் கொடுக்குப்போலக் கவ்விப்பிடிக்கும் 'டோட்டா' என்ற மூலக்கூறு, பெப்டைடின் ஒரு முனையில் பொருத்தப்பட்டிருக்கும். அமிலத்தன்மையுள்ள கரைசலில் காலியத்துடன் சில நிமிடங்கள் சூடாக்கினால் பிணைப்பு முடிந்துவிடும். பிறகு தூய்மையைச் சோதித்து, நுண்வடிகட்டியில் வடித்து ஊசியில் ஏற்றுவர். காலியம் வெளியிடும் பாசிட்ரான் அருகிலுள்ள எலக்ட்ரானுடன் சேர்ந்து அழியும்போது, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு காமாக் கதிர்கள் கிளம்பும். அவை பிறந்த இடத்தைப் பெட் ஸ்கேன் கருவி கணக்கிடுகிறது.

காலியம்-68இன் அரை ஆயுட்காலம் 68 நிமிடங்களே. சென்னையில் தயாரித்துப் பழவேற்காட்டுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 2 மணி நேரப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மிஞ்சும். ஐஸ் வைத்தால் இறால் கெடாது. கதிரியக்கத்தை எந்தக் குளிரும் நிறுத்தாது. ஆகவே மருந்து நோயாளியிடம் வராது, நோயாளிதான் மருந்திடம் போகவேண்டும். கடற்கரைச் சிற்றூர்க்காரருக்கு அது ஒரு நாள் கூலி இழப்பும் பயணச் செலவுமாகும். ஜெர்மேனியம்-68 அடைத்த மின்னாக்கி போன்ற ஒரு சிறு கலத்திலிருந்து மருத்துவமனையே தினமும் காலியத்தைக் கறந்துகொள்ளலாம். ஜெர்மேனியத்தின் அரை ஆயுள் 271 நாள் என்பதால் ஒரு கலம் பல மாதம் உழைக்கும். பெட் கருவி இல்லாத இடங்களில், 6 மணி நேர அரை ஆயுள் கொண்ட டெக்னீசியம்-99எம் இணைத்த பெப்டைடைக் காமா கேமராவில் படமெடுக்கலாம். படத்தின் தெளிவு சற்றுக் குறையும்.

நரம்பு-நாளமில் கட்டிகள் எனப்படும் வகைக்கே டோட்டாடேட் மிகவும் ஏற்றது. இவை பெரும்பாலும் மெல்ல வளர்பவை. தீராத வயிற்றுப்போக்கு, முகம் சிவந்து சூடாதல் போன்ற அறிகுறிகளைச் சாதாரண வயிற்றுக்கோளாறு என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிட்டவர்கள் உண்டு. அதேசமயம் படத்தில் ஒளிர்வதெல்லாம் புற்றும் அல்ல. மண்ணீரல், சிறுநீரகம், பிட்யூட்டரி ஆகியவை நலமாக உள்ளவரிடத்திலும் ஒளிரும்.

படத்தில் கட்டி நன்றாக ஒளிர்ந்தால், அதே பெப்டைடில் லுட்டீசியம்-177ஐ இணைத்துச் சிகிச்சையும் தரலாம். இதன் பீட்டாக் கதிர்கள் கட்டியை அருகிலிருந்தே தாக்கும். மும்பை டிராம்பேயிலுள்ள துருவா அணு உலையில் லுட்டீசியம்-177 தயாராகிறது. கட்டி ஒளிராதவருக்கு இச்சிகிச்சை பயன் தராது என்பதால், படம் எடுத்த பிறகே மருத்துவர்கள் இதைப்பற்றி முடிவு செய்கின்றனர்.