பக்கத்து வீட்டு அக்கா என்ன வேலை பார்க்கிறார்?

1990களின் தொடக்கத்தில் மாதாப்பூர், ஹைதராபாத்தின் மேற்கு விளிம்பில் கருங்கல் பாறைகளுக்கு நடுவே இருந்த ஒரு கிராமம். 1998 நவம்பரில் அங்கே சைபர் டவர்ஸ் கட்டடத்தைப் பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். அதன்பின் ஐ.டி. அலுவலகங்கள் வரிசைகட்டின. இன்று அந்தப் பகுதியில் வளரும் பிள்ளைகள் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்தே பெரியவர்களாகிறார்கள். வீடு இருக்கும் இடம் ஒரு பிள்ளையின் கனவை மாற்றுமா?

வளர்ந்த ஊர் மூளையில் தடம் பதிக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. 38 நாடுகளைச் சேர்ந்த சுமார் 4 லட்சம் பேரை ஒரு மொபைல் விளையாட்டின் மூலம் சோதித்த ஆய்வு, 2022இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் பொதுவாக வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். கட்டம் போட்டதுபோன்ற நேர்த் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கோ, அதே அமைப்புள்ள பாதைகள் எளிதாக வந்தன.

கனவைப் பற்றிய ஆய்வு இன்னும் சுவையானது. டெல்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும், அமெரிக்காவில் 12 லட்சம் கண்டுபிடிப்பாளர்களின் பிள்ளைப் பருவத்தைத் தேடிப் போனார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வின்படி, சிலிக்கான் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்கள், பின்னாளில் பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்தாலும், கணினித் துறையிலேயே அதிகம் காப்புரிமை பெற்றார்கள். மருத்துவக் கருவி நிறுவனங்கள் நிறைந்த மினியாபொலிஸ் போன்ற ஊர்களின் பிள்ளைகள் மருத்துவக் கருவிகளின் பக்கம் போனார்கள். ஒரு துறையில் பெண் கண்டுபிடிப்பாளர்கள் மிகுந்த ஊரில் வளர்ந்த சிறுமிகள் அதே துறையில் சாதித்தார்கள். அங்கே ஆண் கண்டுபிடிப்பாளர்கள் மட்டும் இருந்தால் அந்தப் பலன் சிறுமிகளுக்குக் கிடைக்கவில்லை. ‘நம்மைப் போன்ற ஒருவர் இதைச் செய்கிறார்’ என்று தெரிந்தால்தான் ஆசை துளிர்க்கிறது.

ஆகவே, கட்டடத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. மாதாப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் சிறுமிக்குப் பக்கத்து வீட்டு அக்காவே மென்பொருள் பொறியாளர். அந்த மாடிகளைக் கட்ட வந்த தொழிலாளியின் மகள் தகரக் கொட்டகையிலிருந்து அதே கட்டடத்தைத்தான் பார்க்கிறாள். உள்ளே வேலை செய்யும் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. வசதியுள்ளவர்களோடு ஏழைப் பிள்ளைகள் நட்பாகப் பழகும் ஊர்களில்தான் அவர்கள் வறுமையிலிருந்து மேலே வருவது அதிகம் என்று செட்டி குழுவின் 2022 ஆய்வும் சொல்கிறது.

அந்தப் பழக்கத்தை உருவாக்க முடியும். டெல்லியின் வசதியான தனியார் பள்ளிகளில் ஏழை மாணவர்களுக்கு இடம் ஒதுக்கியதன் விளைவைப் பொருளியலாளர் கௌதம் ராவ் ஆராய்ந்தார். அவர்களோடு படித்த பணக்கார மாணவர்களிடம் தாராள மனம் கூடியது, பாகுபாடு குறைந்தது. மொத்த மதிப்பெண் பெரிதாகச் சரியவில்லை. கட்டாயக் கல்விச் சட்டம் 2009 தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்தை ஏழை, பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஒதுக்குகிறது. கட்டண உதவியாக மட்டும் அதைப் பார்ப்பது தவறு. தகரக் கொட்டகைச் சிறுமிக்கு ஒரு பொறியாளர் வீட்டுத் தோழி கிடைக்கும் வழி அது.