புகை படிந்த காற்றும் சொரியாசிஸ் நோயும்

“மருந்தைத் தவறாமல் பூசினேன், பத்தியமும் கெடவில்லை. பிறகு ஏன் மீண்டும் செதில் உதிர்கிறது?” தை, மாசி மாதங்களில் தோல் நோய்ப் பிரிவில் அடிக்கடி எழும் கேள்வி இது. உடன் வந்திருக்கும் இல்லத்தார் பெரும்பாலும் விடையையும் கையோடு கொண்டுவந்திருப்பார்கள்: கத்தரிக்காய், கருவாடு, உறவினர் வீட்டு விருந்து. நோயாளரோ குற்றம் செய்தவர்போல் தலைகுனிந்து அமர்ந்திருப்பார். அவர் வாழும் இடத்துக் காற்றைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

மரபணுச் சார்பும் நோயெதிர்ப்பு மண்டலத்தின் பிறழ்வும் சேர்ந்து உண்டாக்கும் நோய் சொரியாசிஸ். மாசடைந்த காற்று மட்டும் அதனைத் தோற்றுவித்துவிடாது. ஆயினும், அடங்கியிருக்கும் நோயைக் கிளறிவிடுபவற்றுள் அதுவும் ஒன்று எனக் கருதச் சான்றுகள் சேர்ந்து வருகின்றன. இத்தாலியின் வெரோனா நகரில் 2013 முதல் 2020 வரை 957 சொரியாசிஸ் நோயாளரின் நிலையை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். நோய் தீவிரமடைந்த வேளைகளில், அதற்கு முந்தைய 60 நாள்களின் காற்றில் நுண்துகள்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் மிகுந்திருந்தன. 2022இல் வெளியான இவ்வாய்வு ஒரு தொடர்பைக் காட்டுகிறது. காரணம் இதுவே என்று அறுதியிடவில்லை. எனினும், நேற்று உண்டதை எண்ணி வருந்துபவர் கடந்த இரு மாதங்களின் காற்றையும் எண்ணிப் பார்ப்பது நன்று.

நம்மூரில் அவை மார்கழியும் தையும். குளிர்ந்து அசைவற்றிருக்கும் விடியற்காலைக் காற்றில் புகை மேலெழாமல் தரையை ஒட்டியே தங்கிவிடும். போகியன்று பழம்பாயோடு டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் கேட்க வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டுப் போகியன்று எழுந்த புகைமூட்டத்தால் சென்னையில் விமானப் போக்குவரத்தே தடைப்பட்டது.

அப்புகையிலுள்ள பி.எம். 2.5 என்னும் துகள்கள் தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ளவை. எரிபொருள் அரைகுறையாக எரியும்போது பிறக்கும் வேதிப்பொருள்கள் அவற்றில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அவை தோலின் உயிரணுக்களைத் தூண்டி அழற்சிக்கான சமிக்ஞைகளைப் பெருக்க வல்லவை. நலமான தோல் ஓரளவு தடுத்து நிறுத்தும். சொரியாசிஸ் படர்ந்த தோலில் அந்த அரண் முன்னரே தளர்ந்திருக்கிறது. நுரையீரல் வழியே உட்புகும் துகள்களும் உடலெங்கும் அழற்சியைக் கூட்டுகின்றன. ஆகவே, முகக்கவசம் அணிந்தால் மூச்சுக்கு உதவும். தோலுக்கு முழுக்கைப் பருத்தி ஆடை வேண்டும்.

புகை மிகுந்த நாளில் வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பிட்டுக் குளியுங்கள். அழுக்குப் போகட்டும் என்று பீர்க்கங்கூட்டால் தேய்த்தல் கூடாது; தேய்த்த இடத்திலேயே புதிய தடிப்பு எழக்கூடும். ஈரம் முற்றும் உலருமுன் ஈரப்பதக் களிம்பைப் பூசுங்கள். விடியலில் சன்னல்களைச் சாத்திவைத்து, வெயில் ஏறியபின் திறக்கலாம். கொசுவர்த்திச் சுருளும் ஊதுவத்தியும் வீட்டுக்குள்ளேயே புகை சேர்ப்பவை. புகைபிடிப்பவர் இல்லத்தில் இருந்தால் அதனை முதலில் கவனிக்க வேண்டும். பிடிப்பவரே நோயாளர் எனில் இன்னும் முதலில்.

நாங்கள் மிகவும் அஞ்சுவது வேறொன்று. நோய் மீண்டும் கிளம்பியதும் மனமுடைந்து, மருந்து பயனற்றது என்று நிறுத்திவிடுவோர் உளர். சிலர் பெயரற்ற பொடியையும் மாத்திரையையும் நாடுகிறார்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பின் தோல் விரைவில் தெளியும். நிறுத்தியவுடன் உடல் முழுதும் சிவந்தோ சீழ்க்கொப்புளங்கள் எழுந்தோ உயிருக்கே இடர் நேரலாம். நோய் கூடினால் மருந்தின் அளவை மாற்ற வழியுண்டு. அதற்காகவேனும் எங்களிடம் வாருங்கள்.

வரும்போது ஒரு சிறு குறிப்பேடு கொண்டுவாருங்கள். நோய் கூடிய நாள், அருகில் குப்பை எரிந்ததா, சாலைப்பணி நடந்ததா, மருந்து விடுபட்டதா, உறக்கம் எப்படி என்பவற்றை ஓரிரு வரிகளில் எழுதினால் போதும். கத்தரிக்காய் உண்ட நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் குறிப்புகளை வீட்டாரோடு சேர்ந்து புரட்டிப் பார்ப்போம்.