கழிவறைக்கு வரி, கழனிக்குக் கூலி

நைட்ரஜனும் பாஸ்பரஸும் நீர்நிலைகளை மூச்சுத் திணற வைக்கின்றன. அவற்றைத் தடுத்து நிறுத்தும் செலவை விவசாயியும் நகராட்சியும் மட்டுமே சுமக்க முடியுமா? அமெரிக்க மாநிலம் ஒன்று கண்டுபிடித்த வழியும், அதில் இந்தியாவுக்கு உள்ள பாடமும்.

சட்டப் புத்தகத்தில் அதன் பெயர் கௌரவமானது: விரிகுடா மீட்பு நிதி. ஆனால் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து மக்கள் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது: 'ஃப்ளஷ் வரி'. கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிடும் ஒவ்வொரு வீடும் கட்ட வேண்டிய வரி. 2004-ல் தொடங்கியபோது மாதத்துக்கு இரண்டரை டாலர். 2012-ல் சட்டம் திருத்தப்பட்டு, விரிகுடாவுக்கு நீர் வடியும் பகுதிகளில் அது ஐந்து டாலராக இரட்டிப்பானது. வரி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் ரிபப்ளிகன் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் ராபர்ட் எர்லிக்தான் முதல் சட்டத்தில் கையெழுத்திட்டார் என்பது இதில் வேடிக்கை.

சாக்கடை இணைப்பு இல்லாமல் செப்டிக் டேங்க் வைத்திருக்கும் வீடுகளுக்கும் விலக்கு இல்லை. அவர்கள் ஆண்டுக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். சாக்கடை இணைப்பு உள்ளவர்கள் கட்டும் பணம் மாநிலத்தின் 67 பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை நவீனப்படுத்தப் போனது. செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்கள் கட்டும் பணத்தைச் சட்டம் இரண்டாகப் பிரித்தது. 60 சதவீதம் அந்தத் தொட்டிகளை மேம்படுத்துவதற்கு. மீதி 40 சதவீதம்? விவசாயிகளுக்கு. அதுவும் விற்க முடியாத ஒரு பயிரை விதைப்பதற்கு!

மக்காச்சோளம், சோயா அறுவடை முடிந்த பிறகு நிலத்தில் மிச்சமிருக்கும் உரம் குளிர்கால மழையில் கரைந்து ஓடும். அதைத் தடுக்க ரை, கோதுமை, பார்லி போன்றவற்றை மூடுபயிராக விதைக்கிறார்கள். வேர்கள் மிச்ச நைட்ரஜனை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கின்றன. வசந்தம் வந்ததும் பயிரை மடக்கி அழித்துவிடலாம். விவசாயிக்கு மண் வளம் மிஞ்சுமே தவிர உடனடிக் காசு கிடையாது. எனவே ஏக்கருக்கு இவ்வளவு என்று மாநிலம் கொடுக்கிறது. சும்மா அல்ல, விதைத்ததை மண்வளப் பாதுகாப்பு அலுவலகத்தில் உறுதிசெய்த பிறகுதான் பணம்.

ஊட்டமே நஞ்சு

இத்தனையும் செசபீக் விரிகுடாவுக்காக. சுமார் 320 கி.மீ. நீளமுள்ள இந்த விரிகுடாவில் ஆறு மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் சேர்ந்த சுமார் 1,65,000 சதுர கி.மீ. நிலப்பரப்பின் தண்ணீர் வந்து சேர்கிறது. ஆனால் சராசரி ஆழம் ஆறேழு மீட்டர்தான். இவ்வளவு பெரிய நிலத்தின் அழுக்கை இவ்வளவு ஆழமில்லாத நீர் தாங்காது. ஒரு காலத்தில் சிப்பிக்கும் நீல நண்டுக்கும் பேர்போன இடம் இது.

இங்கே அழுக்கு என்பது விஷ ரசாயனம் அல்ல, உணவு. நைட்ரஜனும் பாஸ்பரஸும் வயலில் பயிரை வளர்ப்பதுபோலவே நீரில் பாசியை வளர்க்கின்றன. பாசி பெருகிச் சூரிய வெளிச்சத்தை மறைக்கும். அடியிலுள்ள நீர்ப்புல் சாகும். பிறகு பாசியும் செத்து அடியில் படியும். அதை அழுக வைக்கும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். மீனும் நண்டும் மூச்சுத் திணறும். மிகையூட்டம் என்று தமிழில் இதைச் சொல்லலாம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம்மவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

இந்த ஊட்டம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று குழாய் வழி: நகரத்தின் கழிவுநீர். மற்றொன்று வயல் வழி: உரமும் சாணமும் கோழி எச்சமும். அமெரிக்காவின் 1972-ம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டம் முதலாவதைப் பிடித்தது, இரண்டாவதை விட்டுவிட்டது. குழாய் வைத்திருப்பவர் அனுமதி வாங்க வேண்டும், வரம்புக்குள் நிற்க வேண்டும். வயலிலிருந்து மழையோடு வழிந்தோடும் நீருக்கு அனுமதி தேவையில்லை. ஆயிரக்கணக்கான வயல்களில் எந்த வயலிலிருந்து எத்தனை கிலோ போயிற்று என்று யார் அளப்பது?

எனவே நகரங்களைச் சட்டம் கட்டாயப்படுத்தியது; விவசாயிகளைப் பணத்தால் இணங்க வைக்க வேண்டியதாயிற்று. கட்டாயப்படுத்தப்பட்ட நகரங்களுக்கும் சும்மா செலவு செய்ய வசதியில்லை. 1970-களில் சுத்திகரிப்பு நிலையங்களின் கட்டுமானச் செலவில் 75 சதவீதம்வரை மத்திய அரசு மானியமாகக் கொடுத்தது. 1987-ல் அது சுழல்நிதிக் கடனாக மாறியது. நகரம் குறைந்த வட்டியில் கடன் வாங்கும். அது திருப்பிக் கட்டும் பணம் அடுத்த நகரத்துக்குப் போகும்.

நகரம் தேறியது, வயல் திணறுகிறது

கழிவுநீரிலிருந்து நைட்ரஜனை எடுப்பது எளிதல்ல. முதலில் காற்றூட்டி, பாக்டீரியாவைக் கொண்டு அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்ற வேண்டும். பிறகு காற்றில்லாத தொட்டியில் வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரஜன் வாயுவாக மாற்றி ஆகாயத்துக்கு அனுப்பும். கூடுதல் தொட்டி, கூடுதல் மின்சாரம், பாக்டீரியாவுக்குத் தீனியாகச் சில இடங்களில் மெத்தனால். மேரிலாந்து வைத்த இலக்கு லிட்டருக்கு 3 மில்லிகிராம் நைட்ரஜன், 0.3 மில்லிகிராம் பாஸ்பரஸ். ஃப்ளஷ் வரி இல்லாவிட்டால் சிறு நகரங்கள் இதை நினைத்தும் பார்த்திருக்க முடியாது.

பலன் கிடைத்தது. 2010-ல் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விரிகுடா முழுவதற்கும் மாசு உச்சவரம்பு விதித்து 2025-ஐக் கெடுவாக வைத்தது. கழிவுநீர்த் துறை தன் பங்கை ஏறத்தாழ பத்தாண்டு முன்னதாகவே எட்டிவிட்டது என்று 2016-ல் அந்த முகமையே அறிவித்தது. ஆனால் கட்டினால் மட்டும் போதாது, ஓட்டவும் வேண்டும். பால்டிமோர் அருகேயுள்ள பேக் ரிவர் நிலையம் மாசு வரம்புகளை மீறியதால் 2022-ல் மாநில அமைப்பு ஒன்று அதன் இயக்கத்தில் தலையிட வேண்டிவந்தது.

வயல்களின் கதை வேறு. மேரிலாந்தின் கிழக்குக் கரையில் கோழிப் பண்ணைகள் மிகுதி. அவற்றின் எருவைப் பக்கத்து வயல்களிலேயே ஆண்டுக்கணக்கில் கொட்டியதால் மண்ணில் பாஸ்பரஸ் மண்டிக் கிடக்கிறது. எருவை வேறு இடத்துக்கு லாரியில் ஏற்றிச் செல்லும் செலவிலும் மாநிலம் பங்கேற்கிறது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் பால் பண்ணைகள், சாணம். உரிய அளவு பணமும் ஆட்களும் அங்கே ஒதுக்கப்படவில்லை என்பது மற்ற மாநிலங்களின் நீண்டகால மனக்குறை. 2025 கெடு வந்தது, போனது. இலக்கு முழுமையாக எட்டப்படவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. நிலத்தடியில் இறங்கிய நைட்ரேட் ஓடைக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும். இன்று விவசாயி திருந்தினாலும் நேற்றைய உரம் நாளை வந்துகொண்டிருக்கும். கொடுத்த பணத்துக்குப் பலன் எங்கே என்று கேட்கும் அரசியல்வாதிக்கு இதை விளக்குவது கஷ்டம்.

கூலியா, லஞ்சமா?

மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்பது சுற்றுச்சூழல் சட்டத்தின் பாலபாடம். மாசுபடுத்துகிறவருக்குப் பணம் கொடுப்பது அதைத் தலைகீழாக்குவது இல்லையா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. கொடுத்தால்தான் நிறுத்துவேன் என்ற பழக்கம் வந்துவிட்டால், பணம் நிற்கும் அன்று மூடுபயிரும் நின்றுவிடும். தானாகவே மூடுபயிர் போட்டுவந்த நல்ல விவசாயி ஏமாளியாகிவிடுவார்.

ஆனால் மறுபக்கக் கணக்கும் வலுவானது. நியூயார்க் நகரம் 1990-களில் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. தன் குடிநீரில் பெரும்பகுதியைத் தரும் கேட்ஸ்கில் மலைப்பகுதி நீரை வடிகட்ட, பல நூறு கோடி டாலர் செலவில் ஆலை கட்டுவதா? அல்லது மலைமேல் உள்ள பண்ணைகளுக்கும் ஊர்களுக்கும் பணம் கொடுத்து நீரை அங்கேயே காப்பதா? 1997-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. விவசாயிகளின் சாணக் குழிகளுக்கும் வேலிகளுக்கும், மலையூர்களின் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் நகரம் செலவு செய்தது. ஆலை கட்டுவதைவிட அது மலிவாக முடிந்தது.

கனெக்டிகட் மாநிலம் 2002-ல் வேறு வழி கண்டது. அங்குள்ள 79 சுத்திகரிப்பு நிலையங்களையும் ஒரே சந்தையாக்கியது. தன் பங்குக்கு மேல் நைட்ரஜனைக் குறைத்த நிலையம் அந்த உபரியை விற்கலாம். குறைக்க முடியாத நிலையம் வாங்கலாம். எங்கே மலிவோ அங்கே முதலில் வேலை நடந்தது.

எதுவும் செய்யாமல் இருப்பதற்கும் விலை உண்டு. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் பெருகிய பாசியின் நச்சு, ஒஹையோவின் டொலீடோ நகரக் குடிநீரில் கலந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குழாய் நீரைக் குடிக்கக்கூடாது என்று உத்தரவு. காய்ச்சினாலும் அந்த நச்சு போகாது. 2019-ல் ஒஹையோவும் விவசாயிகளுக்குப் பணம் தரும் திட்டத்தைத் தொடங்கியது.

நம் ஊர்க் கணக்கு

இந்தியாவிலும் விவசாயிக்குப் பணம் போகிறது. ஆனால் உரத்தைக் குறைப்பதற்கு அல்ல, வாங்குவதற்கு. 45 கிலோ யூரியா மூட்டையின் அடிப்படை விலை 2018 முதல் 242 ரூபாய். வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் தனி. மீதிச் செலவு அரசுடையது. 2022-23-ல் மொத்த உர மானியம் சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். நெல் வயலில் போடும் நைட்ரஜனில் பாதிகூடப் பயிருக்குச் சேர்வதில்லை. மிச்சம் காற்றுக்கும் நீருக்கும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, சோதித்த மாதிரிகளில் சுமார் 20 சதவீதத்தில் நைட்ரேட் வரம்பை மீறியிருந்தது. மோசமான நிலையில் முன்னணியில் இருப்பவை ராஜஸ்தான், கர்நாடகம், தமிழ்நாடு.

நகரங்களும் யோக்கியம் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 அறிக்கைப்படி நகரங்களில் நாளொன்றுக்கு உண்டாகும் கழிவுநீர் சுமார் 7,200 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்படுவது சுமார் 2,000 கோடி லிட்டர். நைட்ரஜன், பாஸ்பரஸ் என்று பேசுவதற்கு முன்பே கணக்கு முடிந்துவிடுகிறது. பெங்களூரில் பெல்லந்தூர் ஏரியின் நுரை சாலைக்கு வந்தபோதுதான் பலருக்கு விஷயம் புரிந்தது.

ஆனாலும் சில நல்ல தொடக்கங்கள் உண்டு. கங்கைத் திட்டத்தில், சுத்திகரிப்பு நிலையம் கட்டும் நிறுவனத்துக்குச் செலவில் 40 சதவீதத்தைக் கட்டும்போதும் மீதியை 15 ஆண்டுகளில், நிலையம் ஒழுங்காக ஓடுவதைப் பொறுத்தும் கொடுக்கும் முறை வந்திருக்கிறது. கட்டிவிட்டுக் கைகழுவும் பழைய வழக்கத்துக்கு இது மருந்து. 2023-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'பி.எம்.-பிரணாம்' திட்டம், ரசாயன உரப் பயன்பாட்டைக் குறைக்கும் மாநிலத்துக்கு மிச்சமாகும் மானியத்தில் பாதியைத் தருவதாகச் சொல்கிறது. உரத்துக்குப் போகும் பணத்தைக் குறைப்புக்குத் திருப்பும் எண்ணம் சரியானதுதான். ஆனால் மாநிலத்துக்குப் போகும் பரிசு வயலுக்கு வந்து சேருமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்திய நில உடைமையாளர்களில் 86 சதவீதம் பேர் இரண்டு ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருப்பவர்கள். ஒரு மூட்டை யூரியாவைக் குறைத்து விளைச்சல் விழுந்தால் அந்த நஷ்டத்தைத் தாங்க அவர்களிடம் எதுவும் இல்லை. மேரிலாந்து விவசாயிக்கு ஏக்கர் கணக்கில் கிடைக்கும் உத்தரவாதம் இவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

கூலி வாங்காமலே இந்த வேலையைச் செய்பவர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். கொல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம். நகரத்தின் கழிவுநீரை ஆழமில்லாத குளங்களில் தேக்குகிறார்கள். வெயிலும் பாசியும் அதைச் சுத்தம் செய்கின்றன. பாசியை மீன் தின்கிறது. மீனை கொல்கத்தா தின்கிறது. செசபீக்கைக் கொல்லும் அதே ஊட்டம் இங்கே உணவாகிறது. இந்த முறையின் மதிப்பை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் துருவஜோதி கோஷ் என்ற பொறியாளர். 2002-ல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் சுத்திகரிப்புக் கட்டணம் என்று நகரம் இந்த மீனவர்களுக்கு மாதாமாதம் எதையும் எண்ணிக் கொடுப்பதில்லை. மீன் விற்ற காசுதான் அவர்கள் வருமானம். சுற்றிலும் மனை விலை ஏற ஏற, குளத்தை மூடிவிட்டால் என்ன என்ற கேள்வியும் ஏறுகிறது.

மேரிலாந்தில் ஒரு வீடு மாதம் ஐந்து டாலர் கட்டுகிறது. நாமும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்: ஆர்.ஓ. எந்திரத்துக்கு, தண்ணீர் கேனுக்கு, மருத்துவருக்கு. வித்தியாசம் ஒன்றுதான். அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட ஆற்றுக்குப் போவதில்லை.