இலை கொட்டினால் செடி போச்சா?

ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து தாம்பரத்துக்குப் பார்சலில் வரும் குரோட்டன்ஸ், வந்த நாலாம் நாளே இலையைக் கொட்டுகிறதா? பதறாதீங்க. இருட்டுப் பெட்டியில் பயணம், அசைந்த வேர். தாக்குப்பிடிக்கத்தான் செடி இலையை உதிர்க்கிறது. தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

இரண்டு வாரம் நேர்வெயில் படாத, வெளிச்சமான வராந்தாவில் வையுங்கள். உடனே தொட்டி மாற்றாதீங்க; உரமும் வேண்டாம். மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். பரிதாபப்பட்டுத் தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி பழுப்பேறிக் கருகும். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் உத்தமம்.

துளிர் விட்டதும் காலை வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். உரம் அதற்கப்புறம்தான்!